சித்திர வகுப்பைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது எப்படி?

யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து, "வீடும் தோட்டமும் கீறு" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் இரண்டு முக்கோண மலை வரும். நடுவில் அரைச் சூரியன் எழும்பும். மலையடியிலிருந்து ஓர் ஆறு வளைந்து இறங்கும். கரையில் சரிந்த தென்னை, அதன் கீழே ஒரு குடிசை. மலை என்று ஒன்றே இல்லாத, மாரியில் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் ஆறும் இல்லாத குடாநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை அது. தன் முற்றத்து வேம்பையோ கிணற்றடி வாழையையோ ஒருநாளும் கீறியிருக்காது.

பிள்ளையில் பிழையில்லை. கரும்பலகையில் நாங்கள் கீறிக் காட்டியதையே அது திருப்பிக் கீறுகிறது. பார்த்தெழுதப் பழக்கினோம்; பார்க்கப் பழக்கவில்லை.

இந்தப் பழக்கத்தை உடைக்க நான் கண்ட வழிகளில் மிக விரைவானது, பிள்ளைகளை ஒரு பழைய வீட்டுக்கும் அதன் தோட்டத்துக்கும் கூட்டிப்போவது. நல்ல பழைய வீட்டில் வாசல் எங்கே, நிழல் எங்கே, எந்த மரம் எதை மறைக்கிறது என்பதையெல்லாம் யாரோ ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். ஏன் இப்படி வைத்தார் என்று கேட்கத் தொடங்கிய பிள்ளை பார்க்கவும் தொடங்கிவிடும். பிறகு பென்சில் தானாக நகரும்.

பாடசாலையில் புதிதாகச் சேர்ந்த சித்திர ஆசிரியர்களுக்கும், நுண்கலைப் பட்டத்தை முடித்துவிட்டுப் பிள்ளைகளோடு வேலை செய்ய விரும்பும் இளையோருக்கும் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன்: பெந்தோட்டைக்குப் பக்கத்தில் உள்ள லுணுகங்க.

வீட்டை முதலில் நீங்கள் படியுங்கள்

லுணுகங்க கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் தோட்டம். சிங்களப் பெயருக்கு உப்பு ஆறு என்று பொருள். பாவா 1919இல் பிறந்தவர்; முதலில் சட்டத்தரணியாக இருந்தவர். 1948இல் தெத்துவ ஏரியோரம் இருந்த ஓர் இறப்பர்த் தோட்டத்தையும் அதிலிருந்த பழைய பங்களாவையும் வாங்கினார். ஒல்லாந்தர் காலத்தில் அங்கே கறுவா நின்றது. வாங்கிய காணியை மனத்தில் கண்டபடி மாற்றுவதற்குத் தன்னிடம் போதிய படிப்பில்லை என்று உணர்ந்துதான் லண்டனுக்குப் போய்க் கட்டடக்கலை படித்தார். 1957இல் தகுதி பெற்றபோது வயது 38. இதைப் பிள்ளைகளிடம் மறக்காமல் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பில் எடுத்த புள்ளியோடு வாழ்க்கை முடிந்துவிட்டதாக நம்பும் பிள்ளைகள் எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கோட்டேயில் 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடம் உட்படப் பல பெரிய வேலைகளை அவர் செய்தார். ஆனாலும் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் லுணுகங்கவுக்குத் திரும்பி, ஒரு மரத்தை வெட்டுவதும் ஒரு சுவரை எழுப்புவதுமாக ஏறத்தாழ ஐம்பது ஆண்டு அந்த ஒரே தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். 1998இல் பாரிசவாதம் அவரை வீழ்த்தும்வரை அது நிற்கவில்லை. 2003இல் இறந்தார். இன்று அந்தத் தோட்டத்தை வழிகாட்டியோடு யாரும் சுற்றிப் பார்க்கலாம்.

இன்னொரு பெயரையும் தமிழ்ப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பொறியியலாளர் பூலோகசுந்தரம். 1967 முதல் 1989 வரை பாவாவின் தொழிற் பங்காளி. பாவா கண்ட கட்டடங்கள் விழாமல் நிற்பதற்கான கணக்கு அவருடையது. சித்திரமும் கணிதமும் எதிரெதிர்ப் பாடங்கள் என்று நினைக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு தகவல் போதும்.

இவ்வளவும் வீட்டிலிருந்தே வாசித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. அடுத்து வருவதற்குக் கால் நோக வேண்டும்.

இரண்டு தரம் தனியாகப் போங்கள்

பிள்ளைகளோடு போகுமுன் நீங்கள் மட்டும் இரண்டு தரம் போக வேண்டும். முதல் தரம் வெறுமனே நடப்பதற்கு. இரண்டாம் தரம், பிள்ளைகள் வரப்போகும் அதே மணிக்கு, அதே இடங்களில் உட்கார்ந்து நீங்களே கீறுவதற்கு. காலை ஒன்பது மணிக்கு நிழலாக இருந்த படிக்கட்டு பதினொரு மணிக்குச் சுடும். எங்கே முப்பது பேர் இருக்கலாம், எங்கே ஆறு பேர்தான் இருக்கலாம், மலசலகூடம் எத்தனை நிமிட நடை, ஏரிக்கரையில் எந்தப் பகுதிக்குப் பிள்ளைகளை விடவே கூடாது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தென்மேற்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை மழை பலமாக இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையான நாட்களைத் தேர்ந்தால் பாதிக் கவலை குறையும்.

என் முதல் பயணத்தில் நான் இதைச் செய்யவில்லை. அது வேறொரு பழைய வீடு. 42 பிள்ளைகள், ஏழு அறைகள், ஆளுக்கொரு நீர்வர்ணப் பெட்டி. எல்லா அறையையும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. மூன்றாவது அறையில் ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் பேணி கவிழ்ந்து, மெருகேற்றிய பழைய தரையில் நீலம் ஓடியது. அங்கே வேலை செய்த வயதான ஐயா ஒருவர் ஒரு சொல்லும் பேசாமல் முழந்தாளிட்டுத் துடைத்தார். அந்தத் தரையை அவர் எத்தனை வருடமாகத் துடைத்துத் துடைத்துப் பாதுகாத்திருப்பார் என்பது அவருடைய கை போன விதத்திலேயே தெரிந்தது. பிள்ளை அழத் தொடங்கிவிட்டது. அன்று எந்தப் பிள்ளையும் எதையும் பார்க்கவில்லை. பிழை முழுக்க என்னுடையது.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு விதி. வீட்டுக்குள்ளே ஈரமான எதுவும் கிடையாது. ஒரு நாளில் மூன்று இடத்துக்கு மேல் கிடையாது.

மூன்று இடம், மூன்று கேள்வி

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். லுணுகங்கவில் நான் தேர்ந்தெடுப்பவை இவை.

முதலாவது, வீட்டின் தெற்குப் பக்கம். அங்கே நின்று பார்த்தால் புல்வெளி விரிந்து கறுவாக் குன்றாக ஏறுகிறது. மேலே ஒரு மகிழ மரம். மரத்தடியில் ஒரு பெரிய சீனச் சாடி. அதற்கு நேராக, ஏரிக்கும் அப்பால், ஒரு விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் சின்னதாகத் தெரிகிறது. இந்தக் காட்சி தற்செயலாக அமைந்ததல்ல. ஏரி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் குன்றின் மண்ணையே வெட்டிக் குறைத்தார் பாவா. இடையில் நின்ற மரங்களை நீக்கினார். சாடியை அந்த இடத்தில் வைத்தார்.

பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு காட்போட் மட்டை. நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. ஒரு கண்ணை மூடி, ஓட்டைக்குள்ளால் பார்க்கச் சொல்லுங்கள். கேள்வி: "எது கிட்ட, எது நடுவில, எது தூரத்தில?" ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கட்டும். பிறகு தாளில் மூன்று கோடு மட்டும்: கிட்ட உள்ள புல்லின் விளிம்பு, குன்றின் விளிம்பு, ஏரிக்கு அப்பால் உள்ள மரங்களின் விளிம்பு. அதற்குப் பிறகுதான் சாடியும் தாதுகோபமும். கையை முழுதாக நீட்டி, பென்சிலைப் பிடித்து, பெருவிரலால் சாடியின் உயரத்தை அளக்கச் சொல்லிக்கொடுங்கள். தாதுகோபத்தையும் அளக்கட்டும். எவ்வளவோ பெரிய தாதுகோபம் பென்சிலில் ஒரு மண்ணிறச் சாடியோடு போட்டிபோட முடியாமல் நிற்பதைப் பிள்ளை தன் பெருவிரலாலேயே கண்டுபிடிக்கும்போது, தூரம் என்றால் என்ன என்று நீங்கள் வகுப்பில் ஒரு தவணை முழுக்கச் சொன்னது அந்த நொடியில் விளங்கிவிடும். பிறகு குன்றில் ஏறிச் சாடியின் பக்கத்தில் நிற்கட்டும். "ரீச்சர், அங்க இருந்து பார்க்கச் சின்னனா இருந்தது" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். நீங்கள் வாய் திறக்கவே தேவையில்லை.

இறங்கி வந்ததும் இன்னொன்றைக் கேளுங்கள். "வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவில ஒரு ரோட்டுப் போகுது. கண்டீங்களா?" யாரும் கண்டிருக்கமாட்டார்கள். ஊர் மக்கள் போய்வரும் பாதை அது. அதை மூட உரிமையில்லை. பள்ளத்தில் தாழ்த்திக் கண்ணுக்கு மறைத்துவிட்டார்கள். சைக்கிளில் போகிறவரின் மணிச்சத்தம் மட்டும் சிலவேளை மேலே வரும். தாதுகோபமோ வேறொருவருடைய நிலத்தில் நிற்கிறது; ஆனாலும் இந்தப் படத்துக்குள் இருக்கிறது. சொந்தமில்லாததை உள்ளே எடுத்தும், கிட்டவே இருப்பதை வெளியே விட்டும் ஒரு காட்சியை அமைக்கலாம் என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எளிதில் விளங்கும். சட்டகத்துக்குள் எதை விடுவது, எதை எடுப்பது என்று அடுத்த படத்தில் தானாக யோசிக்கத் தொடங்கும். மலையும் சூரியனும் அன்றோடு போய்விடும்.

இரண்டாவது, மொட்டைமாடிபோல் ஏரியை நோக்கி விரிந்திருக்கும் திறந்த மேடையில் நிற்கும் ஈழத்தலரி. சிங்களத்தில் அரலிய. எங்கள் கோயில் வீதிகளிலும் நிற்கிறது. ஆனால் இந்த மரத்தின் கிளைகளைப் பாவா பாரம் கட்டித் தொங்கவிட்டுப் பல ஆண்டுகளாக வளைத்தெடுத்தார். மரத்தால் கீறிய கோடு என்றே சொல்லலாம். இங்கே கேள்வி: "கிளைக்கும் கிளைக்கும் நடுவில இருக்கிற வானம் என்ன வடிவம்?" கிளையைக் கீற விடாதீர்கள். கிளைகளுக்கு இடையே தெரியும் வானத்துண்டுகளை மட்டும் கீறி, அவற்றைக் கரிக்கோலால் நிரப்பச் சொல்லுங்கள். கடைசித் துண்டு நிரம்பியதும் தாளில் மரம் வெள்ளையாக எழுந்து நிற்கும். "எனக்குச் சித்திரம் வராது" என்று சொல்லிக்கொண்டே வந்த பிள்ளைகள் தங்கள் தாளைத் தாங்களே நம்பாமல் பார்க்கும் இடம் இது. ஏனென்றால், மரம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த மரத்தை அவர்கள் கீறவில்லை. கண்ணுக்கு முன்னால் நின்றதைக் கீறினார்கள்.

மூன்றாவது, ஏனா த சில்வாவின் வீடு. பற்றிக் துணிக்கலையால் பெயர்பெற்ற ஏனாவுக்காக (1922–2015) பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய வீடு அது. நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள். காணி விற்கப்பட்டு வீடு அழியும் நிலை வந்தபோது, அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, அடையாளமிட்டு, லுணுகங்கவுக்குக் கொண்டுவந்து திரும்பக் கட்டினார்கள். ஒரு வீட்டையே பொதிசெய்து இடம்மாற்றலாம் என்றால் பிள்ளைகள் கண் விரிப்பார்கள். விரிக்கட்டும், அந்த வியப்பு அடுத்த வேலைக்கு உதவும். கேள்வி: "வெளிச்சம் எங்கேயிருந்து வருது, எங்கே முடியுது?" நீளமான தாள் துண்டை ஐந்து கட்டமாக மடித்து, வெள்ளையிலிருந்து கறுப்புவரை ஐந்து சாயலில் பென்சிலால் நிரப்பச் சொல்லுங்கள். பிறகு முற்றம், தாழ்வாரம், அறை, அறையின் மூலை என்று ஒவ்வொன்றுக்கும் எந்தக் கட்டம் பொருந்தும் என்று தேடட்டும். எங்கள் ஊர் நாற்சார் வீட்டிலும் இதே வெளிச்சம்தான் இறங்குகிறது. அம்மம்மா வீட்டில் இதைக் கண்ட பிள்ளை வகுப்பில் ஒன்றிரண்டாவது இருக்கும். அந்தப் பிள்ளையைப் பேச விடுங்கள்.

நேரம் மிஞ்சினால் மட்டும் ஒரு சின்ன விளையாட்டு. பாவா தோட்டத்தின் பல இடங்களில் மணிகளைத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஓசை வேறு. எந்த மணி அடிக்கிறது என்பதைக் கேட்டே அவர் எங்கே இருக்கிறார் என்று வீட்டில் உள்ளவர்கள் அறிந்துகொள்வார்கள். பிள்ளைகளைக் கண்ணை மூடி இரண்டு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். கேட்ட சத்தங்களைத் தாளில் திசைவாரியாகப் புள்ளியிடட்டும். தோட்டத்தின் வரைபடம் ஒன்று காதால் கிடைத்துவிடும்.

பச்சை என்பது ஒரு நிறமல்ல

லுணுகங்கவில் பூப்பாத்திகளைத் தேடாதீர்கள். புல், மரம், பாசி, நீர், நெல்வயல் என்று எல்லாமே பச்சை. சித்திர ஆசிரியருக்கு இது பெரிய கொடை. வர்ணப் பெட்டியிலிருந்து பச்சைப் பென்சிலை எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். மஞ்சள், நீலம், மண்ணிறம், கறுப்பு மட்டும். கீழே விழுந்த இலைகளில் ஐந்தைப் பொறுக்கி வரட்டும்; செடியிலிருந்து பறிக்கக் கூடாது. வெளிர்ப்பச்சை தொடக்கம் கரும்பச்சை வரை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் இந்த நான்கு பென்சிலால் கலந்து எடுக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள். சித்திரம் படிப்பவருக்கு இந்த ஒரு மணித்தியாலம் ஆயுள் முழுக்கப் பயன்படும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை சொற்பம். கிளிப் போர்டாக ஒரு மட்டையும் துணி உலர்த்தும் கிளிப் இரண்டும், தாள், 2பி, 4பி பென்சில்கள், கரிக்கோல், நான்கு வர்ணப் பென்சில், ஓட்டை மட்டை. அழிரப்பர் வேண்டாம். அழிரப்பர் இருந்தால் பிள்ளை அழித்துக்கொண்டே இருக்கும். முதலுதவிப் பெட்டி, நுளம்புக்குப் பூசும் மருந்து, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், குப்பை போட ஒரு பை. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவராவது வேண்டும். அவர்களில் ஒருவர் ஏரிப்பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஈரமான வேலை எல்லாம் திரும்பி வந்தபிறகு. ஏனாவின் பற்றிக்கை நினைவில் வைத்து, மெழுகுதிரியால் தாளில் இலை கீறி, அதன்மேல் நீர்வர்ணம் பூசச் சொல்லுங்கள். மெழுகு பட்ட இடத்தில் வர்ணம் ஒட்டாது. வெள்ளை தப்பிப் பிழைக்கும். பற்றிக் துணியிலும் நடப்பது இதுதான் என்று வாயால் சொல்வதைவிட இது நல்லது.

வாயைக் கட்டுங்கள்

"வடிவா இருக்கு" என்ற சொல்லைத் தோட்டத்தில் இருக்கும்வரை சொல்லாதீர்கள். ஒரு பிள்ளையிடம் சொன்னால் பக்கத்துப் பிள்ளை அதைப் பார்த்துக் கீறத் தொடங்கும். "இந்த நிழல் எங்க தொடங்குது?" என்று கேளுங்கள். பதில் தாளில் இருந்தால் அடுத்த பிள்ளையிடம் போங்கள். இல்லாவிட்டால் குனிந்து, பிள்ளையின் கண் மட்டத்துக்கு வந்து, நீங்களும் பாருங்கள். நாங்கள் நிற்கும் உயரத்தில் தெரிவது அவர்களுக்குத் தெரியாது. பலமுறை பிழை திருத்தப் போய், பிள்ளை கீறியதுதான் சரி என்று கண்டு எழும்பியிருக்கிறேன்.

பிள்ளையின் தாளில் ஒருநாளும் உங்கள் கோடு விழக் கூடாது. காட்ட வேண்டுமானால் உங்கள் சொந்தத் தாளில் காட்டுங்கள். நாள் முடிவில் முதலாம், இரண்டாம் இடம் என்று பரிசு கொடுப்பதையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். எல்லாத் தாளையும் புல்லில் பரப்பி, ஒவ்வொருவரும் வேறொருவருடைய தாளில் தான் காணத் தவறிய ஒன்றைக் கண்டு சொல்லட்டும்.

லுணுகங்கவுக்கு அருகில், பாவாவின் அண்ணன் பெவிஸின் 'பிரீஃப்' தோட்டமும் உண்டு. அவுஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் பிரெண்ட் சில ஆண்டுகள் தங்கி வேலை செய்த இடம். இரு சகோதரரின் தோட்டங்களையும் ஒப்பிடுவது மூத்த மாணவருக்கு அருமையான பயிற்சி. அங்கே ஆடையற்ற உருவச் சிலைகள் இருப்பதை அதிபருக்கும் பெற்றோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூட்டிப்போய்ப் பிறகு விளக்கம் கொடுப்பது எந்த ஆசிரியருக்கும் நல்லதல்ல.

பெந்தோட்டை தூரமா?

மட்டக்களப்பிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ பெந்தோட்டைக்கு ஒரு நாளில் போய்வர முடியாது. பஸ் காசும் எல்லாப் பெற்றோராலும் கொடுக்க முடியாது. அதனால் பாடத்தை நிறுத்தத் தேவையில்லை. கொழும்பிலுள்ள பள்ளிக்கூடங்கள் கரையோர ரயிலில் அளுத்கமவுக்குப் போகட்டும். மற்றவர்கள் தங்கள் ஊரிலேயே ஒரு வீட்டைத் தேடுங்கள்.

1960களை ஒட்டிய ஆண்டுகளில் பாபரா சன்சோனி, லக்கி சேனநாயக்க, இஸ்மத் ரகீம், டென்மார்க்கிலிருந்து வந்த உல்ரிக் பிளெஸ்னர் ஆகிய கலைஞர்கள் இந்தத் தீவின் பழைய வீடுகளையும் விகாரைகளையும் தேடிப் போய் அளந்து கீறினார்கள். பெரிய மாளிகைகளோடு அவர்கள் நிற்கவில்லை. ஓடு, தூண், திண்ணை உள்ள சாதாரண வீடுகளையும் அதே கவனத்தோடு கீறினார்கள். அப்போது கீறப்பட்ட கட்டடங்களில் சில இன்று கோடுகளில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. லக்கி, பாவாவின் அலுவலகத்துக்காகக் கீறிய கட்டடப் படங்களில் மரங்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இராது. ஒவ்வொரு மரமும் தன் இலையோடும் கிளையோடும் நிற்கும். அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கி வகுப்பில் ஒட்டுங்கள்.

வடக்கில் நாற்சார் வீடுகள் இன்னும் நிற்கின்றன. முன்விறாந்தை, நடுமுற்றம், அடுக்களை, கிணற்றடி, பின்வளவில் பலா, மா, எலுமிச்சை. இதற்கு மேல் என்ன வேண்டும்? போரில் கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் வீடுகளும் உண்டு. அவற்றுக்குள் பிள்ளைகளை விடாதீர்கள்; சுவர் விழும், பாம்பு இருக்கும். அந்த வீட்டுக் குடும்பத்துக்கு நேர்ந்தது பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கும் பயிற்சித் தலைப்பும் அல்ல. நல்லூர் மந்திரிமனை போன்ற பழுதடைந்த கட்டடங்களையும் வெளியே, எட்ட நின்று கீறட்டும். ஆள் குடியிருக்கும் வீடாக இருந்தால் வீட்டுக்காரரையே கேளுங்கள்: இந்தத் தூண் எந்த மரம், யார் கடைந்தது, இந்த ஓடு எங்கிருந்து வந்தது? பாட்டிமாருக்கு இதெல்லாம் தெரியும். அவர்களைக் கதிரையில் இருத்தி, பிள்ளைகளைச் சுற்றி இருத்திவிட்டு நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள்.

அளப்பதற்கு நாடா வேண்டாம். பிள்ளைகளின் காலடி போதும். முற்றம் எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என்று நடந்து எண்ணி, கட்டக் கொப்பியில் ஒரு காலடிக்கு ஒரு கட்டம் என்று கீறினால் வீட்டின் தளப்படம் வந்துவிடும்.

இதைத் தொழிலாகச் செய்ய

பாடசாலை ஆசிரியராக வருவதற்குத் தேசிய கல்வியியற் கல்லூரிகள் ஒரு வழி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மடம் வளாகமும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகமும், கொழும்பில் கட்புல, ஆற்றுகைக் கலைகளுக்கென உள்ள பல்கலைக்கழகமும் பட்டப்படிப்புக்கானவை. ஆனால் இந்த வேலைக்கு இன்னொரு வாசலும் இப்போது திறந்திருக்கிறது. 2019இல் கொழும்பில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தன் காட்சிகளை மூன்று மொழிகளிலும் நடத்துகிறது. பாரம்பரிய வீடுகளைப் பராமரிக்கும் அறக்கட்டளைகளும், பழைய பங்களாக்களை நடத்தும் ஹோட்டல்களும், சர்வதேசப் பாடசாலைகளும் பிள்ளைகளுக்கான பட்டறைகளை விரும்புகின்றன. தமிழில் பிள்ளைகளோடு பேசக்கூடியவர் அந்த இடங்களில் எளிதில் கிடைப்பதில்லை. சிங்களமும் சேர்த்துப் பேசுவீர்களானால் இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒரே மரத்தடியில் இருத்த உங்களால் முடியும். மொழி படிக்கச் செலவிடும் ஓர் ஆண்டை வீண் என்று நினைக்காதீர்கள்.

வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழ்க் கோப்பை மட்டும் நீட்டாதீர்கள். ஒரு நாள் பட்டறையின் முழுத் திட்டத்தை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எந்த மூன்று இடம், எந்த மூன்று கேள்வி, என்ன பொருள், மழை வந்தால் என்ன. கூடவே பிள்ளைகள் கீறிய பத்துத் தாளின் பிரதி. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் எங்கும் காட்டக் கூடாது.

கூலியைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். பிள்ளைகளோடு இருக்கும் ஒரு நாளுக்குப் பின்னால், தனியாகப் போய்வந்த இரண்டு நாளும் பொருள் ஆயத்தம் செய்த ஒரு நாளும் இருக்கின்றன. நான்கு நாளுக்குக் கணக்கிட்டு, போக்குவரத்தையும் பொருள் செலவையும் வேறாகக் காட்டி, எழுத்தில் கேளுங்கள். "பிள்ளைகளுக்குத்தானே, சும்மா செய்யுங்கோவன்" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வசதியில்லாத பள்ளிக்கூடத்துக்கு நீங்களாக விரும்பி இலவசமாகச் செய்வது வேறு. வசதியுள்ளவர்கள் கேட்டு நீங்கள் மறுக்கத் துணியாமல் செய்வது வேறு. இரண்டாவதை நான் பல ஆண்டு செய்தேன்; அடுத்து வந்த இளையோரின் கூலியையும் அது தாழ்த்தியது.

வேலை முடிந்த மறுநாள், வீட்டைப் பராமரிப்பவர்களுக்குப் பிள்ளைகள் கையால் எழுதிய நன்றிக் கடிதமும் இரண்டு படமும் அனுப்புங்கள். தோட்டக்காரருக்கும் தரை துடைப்பவருக்கும் பெயர் சொல்லி எழுதட்டும். அந்த வீட்டின் கதவு அடுத்த வகுப்புக்கும் திறப்பது அவர்களால்தான்.

அடுத்த தவணை தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் ஊரில் நிற்கும் ஒரு பழைய வீட்டை இந்தச் சனிக்கிழமை போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம், அதிபருக்கு ஒரு கடிதம். இரண்டையும் திங்கட்கிழமை கொடுத்துவிடுங்கள்.